வெதிர்க்குருவி: ஒரு சிறு மலைப்பறவையின் பெயராய்வு

தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பார்ப்பவர், 'ஒருவகைப் பறவை' என்னும் பொருள்விளக்கத்தைப் பல சொற்களுக்கு நேரே காண்பர். பழைய உரைகளிலும் 'ஒரு புள்' என்ற அளவில் உரையாசிரியர் அமைந்துவிட்ட இடங்கள் உள. இதனை அவர்தம் குறை எனக் கூறுதல் பொருந்தாது. சொல் ஏட்டில் நிலைபெற்றிருக்க, அச்சொல்லைச் சொல்லிப் பறவையைச் சுட்டிக் காட்டிய வாய் மறைந்துபோயிற்று. சொல்லையும் உயிரையும் மீண்டும் இணைத்தற்கு நமக்கு வேண்டுவது ஒரு முறை. நிறத்தை வைத்து இணைப்பதா, குரலை வைத்தா, உறையுளை வைத்தா, உணவை வைத்தா? இவற்றுள் எது உறுதியுடையது என்பதை, விடை தெரிந்த ஒரு பறவையைக் கொண்டு சோதித்தல் நலம். பெயரும் பறவையும் ஐயமின்றி இணைந்து நிற்கும் இடத்தில் பெயரிட்டோர் மனம் எவ்வாறு இயங்கிற்று என்று கண்டால், இணைப்பு அறுந்துபோன இடத்திலும் அது வழிகாட்டும்.

அத்தகைய பறவை ஒன்று ஜெர்டன் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலில் (1862–64) இடம்பெறுகிறது. தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1836ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் படைக்கு மருத்துவராக வந்தவர். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியல் ஒன்றை 1839ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையின் இலக்கிய அறிவியல் இதழில் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1843 முதல் 1847 வரை படங்களோடு கூடிய நூல் ஒன்றையும் சென்னையிலேயே அச்சிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் நாட்டு மக்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தது இவர் நமக்குச் செய்த பேருதவி. பறவை நூலார் இப்பெயர்களைக் கண்ணால் தடவிக் கடந்துவிடுவர். மொழிநூலாரோ அந்நூலைத் திறப்பதே இல்லை. இரு சாராரும் கைவிட்ட இடத்தில்தான் நம் பறவை இருக்கிறது. அதற்கு இந்தியில் 'தூத்தி' என்றும், தெலுங்கில் 'எத்ரு பிச்சிகெ', 'எத்ரு ஜினோவாயி' என்றும் பெயர்கள் தரப்பட்டுள்ளன. தெலுங்குப் பெயருக்கு மூங்கிற்குருவி என்பது பொருள் என்றும் ஜெர்டன் குறிக்கிறார். தமிழ்ப் பெயர் அங்கு இல்லை.

பறவை எதுவென முதலில் தெளிதல் வேண்டும். கூலமும் வித்தும் உண்ணும், தடித்த கூம்பலகுடைய 'பிஞ்ச்' எனப்படும் குருவிக் குடும்பத்தைச் சார்ந்தது இது. ஊர்க்குருவியின் அளவினது, அலகு முதல் வால் வரை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். ஐரோப்பாவின் வடகிழக்கிலிருந்து சைபீரியாவின் கீழ்க்கோடி வரையிலும், நடு ஆசிய மலைகளிலும், இமயத்தில் 3,000 மீட்டரை ஒட்டிய உயரங்களில் காட்டுரோசாவும் சூரைச்செடிகளும் மண்டிய சரிவுகளிலும் வேனிற்காலத்தில் கூடு கட்டும். செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் இந்தியாவினுள் இறங்கி, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை வரை பரவி, ஏப்ரல், மே அளவில் திரும்பும். ஐரோப்பாவின் சிறு பறவைகள் பெரும்பாலும் குளிருக்கு அஞ்சி ஆப்பிரிக்கா நோக்கிச் செல்ல, இக்குருவியோ கிழக்கே திரும்பி இந்தியாவை நாடுகிறது. பால்டிக் கடலோரத்தில் பிறந்த குருவி இந்தியக் காட்டில் பனிக்காலத்தைக் கழிக்கிறது.

முதிர்ந்த சேவலை அறிதலில் இடர் ஒன்றும் இல்லை. தலையும் தொண்டையும் மார்பும் முதுகின் அடியும் செந்நிறம், சிறகும் வாலும் பழுப்பு, வயிறு வெளிறியது. இடரெல்லாம் மற்றவற்றைப் பற்றியதே. பேடு பழுப்பும் பசுமையும் கலந்த மங்கல் நிறத்தது; மார்பில் மெல்லிய கோடுகள்; சிறகில் வெளிறிய இரண்டு பட்டைகள்; கோடு குறி எதுவும் இல்லாத முகத்தில் மணிபோற் கருங்கண். இதனைப் பெண் ஊர்க்குருவி என மயங்குவாரும், இனப்பெருக்கக் காலம் அல்லாதபோது காணப்படும் தூக்கணாங்குருவி என மயங்குவாரும் உளர். ஊர்க்குருவியின் பேட்டிற்கு மார்பிற் கோடில்லை. கண்ணின் பின்னே வெளிறிய புருவக்கோடு உண்டு. தூக்கணாங்குருவியின் வால் குறியது. நம் குருவியின் வாலோ நுனியில் சற்றே பிளவுபட்டது. இவ்வளவும் அருகிருந்து நோக்கினார்க்கே தோன்றும். அதனினும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. இளஞ்சேவல் தன் முதல் வேனிலில் பேட்டின் நிறத்தையே உடையது. அந்நிறத்தோடே பாடும், துணை தேடும், கூடும் கட்டும். அடுத்த இறகுதிர்வுக்குப் பிறகே சிவப்பு ஏறும். எனவே, ஒரு கூட்டத்தில் பேடுகளையும் இளஞ்சேவல்களையும் கழித்தால் எஞ்சும் சிவப்புக் குருவிகள் சிலவே. இந்த உண்மையை மறவாமல் பெயர்களை நோக்குவோம்.

ஐரோப்பிய அறிவியல் இப்பறவைக்குப் பெயரிட்டது 1770ஆம் ஆண்டில். பீட்டர் சைமன் பல்லாஸ் என்னும் செருமானிய அறிஞர், உருசியப் பேரரசின் அறிவியற் கழகத்துக்காக 1768இல் நெடும்பயணம் புறப்பட்டு, வால்கா, சமாரா ஆற்றங்கரைகளில் இதனைக் கண்டார். 'லாக்சியா எரித்ரினா' என்று அவர் இட்ட பெயரின் பின்மொழி, சிவப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. முன்மொழி பின்னர் மாறிற்று. காப் என்பவர் 1829இல் 'கார்ப்போடக்கஸ்' என்னும் பேரினப் பெயரை அமைத்தார். அது கனி என்றும் கடித்தல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களாலாயது. கனிகடிப்பான் எனத் தமிழாக்கலாம். ஆயினும் காப் அப்பெயரை அமைத்தது சைபீரியாவின் வேறொரு செங்குருவியை முன்னிட்டு. இன்று நம் குருவிக்கு வழங்கும் அறிவியற்பெயர் 'கார்ப்போடக்கஸ் எரித்ரினஸ்'. முன்மொழி தொழிலையும் பின்மொழி பண்பையும் சுட்ட, கடன் வாங்கிய தொழிற்பெயரும் சொந்தப் பண்புப்பெயரும் ஒட்டி நிற்கின்றன. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிச்சாலையைக் காத்துவந்த எட்வர்டு பிளைத், 1842இல் இமயத்துக் குருவிகளைப் பிரித்து 'ரோசியாட்டஸ்' என்று பெயரிட்டபோதும் ரோசா நிறமே நினைவில் நின்றது. சுவீடன் நாட்டார் ரோசாப் பிஞ்ச் என்கின்றனர். பின்லாந்தினரும் ஒல்லாந்தரும் தத்தம் மொழியில் செங்குருவி என்கின்றனர். செருமானியப் பெயரும் செந்நிறத்தைச் சுட்டுவதே. இக்குருவி மேற்கே பரவி அந்நாடுகளிற் பலவற்றில் பழகியது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் என்பதை எண்ணும்போது, இப்பெயர்கள் உழவர் வாயிற் பிறந்தனவாகத் தோன்றவில்லை. நூலார் வைத்தனவாகவே தோன்றுகின்றன.

நிறத்தால் இட்ட பெயர் பறவையினத்தின் ஒரு பகுதிக்கே பொருந்துகிறது. நன்னூலார் வகுத்த காரணப்பெயர் இலக்கணத்தை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். காரணம் உள்ளவிடத்தே பெயர் செல்ல வேண்டும். செங்குருவி என்னும் பெயரின் காரணமோ பேட்டின்கண் இல்லை, இளஞ்சேவலின்கண் இல்லை. காரணம் இல்லாதவற்றின்மேலும் பெயர் செல்லும்போது, அது வழக்கால் மட்டுமே நிற்கும் இடுகுறியாகிவிடுகிறது. பாதிப் பொருளுக்கு உண்மையாய் மறுபாதிக்குப் பொய்யாய் நிற்கும் பெயர், நூலில் இருக்கும்வரை இடர் தாராது. காட்டிற்குக் கொண்டுபோய்ப் பறவையை அடையாளம் காணப் புகும்போது கைவிட்டுவிடும்.

நிறம் அறிஞரையே ஏமாற்றிய கதையும் உண்டு. வட அமெரிக்காவின் மூன்று செங்குருவிகளை, நிறமும் வடிவும் ஒத்திருத்தல் கண்டு, நெடுங்காலம் இதே பேரினத்தில் வைத்திருந்தனர். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை வேறு கிளையின என்பது புலனாயிற்று. 2012இல் அவற்றை 'ஹீமோர்ஹஸ்' என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர். பழைய உலகச் செங்குருவிகளும் புதிய உலகச் செங்குருவிகளும் உறவினால் சிவந்தன அல்ல; வேறு வேறாகச் சிவந்தன. சொல்லாராய்ச்சியில் ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு கூறுவாரை நாம் எச்சரிப்பதில்லையா? அதே எச்சரிக்கை இங்கும் வேண்டியிருந்தது.

இச்சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை இன்னும் வியப்புடையது. பறவை இச்சாயத்தைத் தன் உடலில் முதலிலிருந்து ஆக்கிக்கொள்வதில்லை. கனியிலும் மொட்டிலும் வித்திலும் உள்ள மஞ்சட் சாயப் பொருள்களை உண்டு, அவற்றை உடலுள் மாற்றி, முளைத்துவரும் இறகிற் செலுத்துகிறது. கூண்டில் அடைத்துத் தானியம் மட்டும் இட்டு வளர்த்தால், அடுத்த இறகுதிர்விற்குப்பின் சிவப்பு மறைந்து மஞ்சளோ பழுப்போ ஏறிவிடும். மேலும், பிஞ்ச் குடும்பத்தின் பெரும்பாலான பறவைகள் கூடு கட்டிய இடத்திலேயே வேனில் முடிவில் இறகுதிர்க்க, ஐரோப்பாவிலிருந்து வரும் இக்குருவி தன் முழு இறகுதிர்வைப் பெரும்பாலும் குளிர்காலத் தங்கிடத்திற்கு வந்தபின்னரே செய்கிறது. ஆகவே வால்கா ஆற்றங்கரையில் வேனிற்காலத்தில் ஒருவர் காணும் செந்நிறம், இந்தியக் காட்டில் உண்ட உணவால் இந்தியக் காட்டில் முளைத்த இறகின் நிறம். வடபுலத்தார் கண்ட பண்பு தென்புலத்தில் நிகழ்ந்த தொழிலின் விளைவு. காரணத்தைக் கண்டவர் ஒரு பெயரும் காரியத்தைக் கண்டவர் மற்றொரு பெயரும் இட்டனர் எனலாம்.

உருசிய மக்கள் இட்ட பெயர் நிறத்தைப் பற்றாமல் குரலைப் பற்றியது. 'செச்செவீத்சா' என்பது அது. பறவையின் ஒலியைப் பின்பற்றி எழுந்த சொல் எனக் கருதுவர். ஏறி இறங்கும் சீழ்க்கையாக இக்குருவி பாடும் சிறு பாட்டை, 'வீத்யாவைக் கண்டாயா?' என்று யாரையோ வினவுவதாக உருசியர் செவி கொள்கிறது. நம் நாட்டிலும் குயில், காக்கை முதலிய பெயர்கள் ஒலிக்குறிப்பால் அமைந்தமையை எண்ணுக. உருசியர் குரலாற் பெயரிட்டதற்குக் காரணம் தெளிவு. அவர்கள் நாட்டில் இப்பறவை கூடு கட்டும் காலத்தில் வாழ்கிறது. சிவந்த சேவலும் பழுப்புச் சேவலும் ஒருங்கே பாடுகின்றன. நிறம் பாதிச் சேவலைக் காட்டினால், பாட்டு எல்லாச் சேவலையும் காட்டுகிறது. ஆயின் அதே பெயரைக் கொண்டு தென்னாட்டில் இதனைத் தேடப் புகுந்தால் பயன் இல்லை. இங்கே தங்கும் மாதங்களிற் பெரும்பாலும் அது பாடுவதில்லை. மெல்லிய ஈரசை விளியோடு அமைந்துவிடும். திரும்பிச் செல்லும் காலம் நெருங்கும்போதுதான் சிற்சில சேவல் பாடத் தொடங்கும். இன்னொன்று: 'செச்செவீத்சா' என்னும் அதே வடிவம் உருசிய மொழியில் ஒரு பருப்பையும் குறிக்கும். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் குருவியைப் பருப்பாக்கிவிடக்கூடும்.

இத்தகைய விபத்து இந்திப் பெயரிலும் காத்திருக்கிறது. 'தூத்தி' என்பது பாரசீகத்தில் கிளியின் பெயர். நக்சபி என்பார் 1330ஆம் ஆண்டில் இயற்றிய கிளிக்கதை நூலுக்குத் 'தூத்தி நாமா' என்பது பெயர். அச்சொல் வட இந்தியாவில் கிளியைவிட்டு இச்சிறு குருவிக்கும் உரியதாயிற்று. கூண்டில் வளர்த்துப் பாட்டுக் கேட்கும் பறவை என்னும் பொதுமை இவ்வாகுபெயர்க்கு இடந்தந்திருக்கலாம். ஒருவருடைய செல்வாக்கு ஓங்கியிருப்பதை 'அவருடைய தூத்தி பேசுகிறது' என இந்தி வழக்குக் கூறும். முரசுகள் முழங்கும் மண்டபத்தில் தூத்தியின் குரல் யார் செவியில் விழும் என்னும் பழமொழியும் உண்டு. முன்னதில் பறவையின் குரல் எடுபடுகிறது; பின்னதில் எடுபடவில்லை. எப்படியாயினும் அது சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் கூண்டில் இருந்த பறவையின் பெயர். அப்பெயரிலிருந்து அது எங்கே வாழ்ந்தது, எதை உண்டது என்று ஒன்றும் அறியக்கூடவில்லை.

இனித் தெலுங்குப் பெயரை ஆராய்வோம். 'பிச்சிகெ' என ஜெர்டன் எழுதியது பிச்சுக என்னும் சொல். குருவி என்பது பொருள். 'ஜினோவாயி' என்பது சில்லை எனப்படும் சிறு கூலக்குருவிகளுக்குத் தெலுங்கர் வழங்கும் ஜீனுவாயி. இவ்விரண்டும் பொதுப்பெயர்கள். சிறப்பிக்கும் மொழி 'எத்ரு' என்பதே. மூங்கிலைத் தெலுங்கர் 'வெதுரு' என்பர். ஜெர்டன் கேட்ட பேச்சு வடிவில் முதல் வகரம் நீங்கி, இடை உகரம் தேய்ந்து 'எத்ரு' ஆயிற்று. வெதுரு என்பது தமிழ் 'வெதிர்' என்பதனோடும், கன்னடத்து மூங்கிற்பெயரான 'பிதிரு' என்பதனோடும் ஓரினம் என்பது திராவிட மொழிநூலார் ஒப்பிய முடிபு. தமிழில் வகர முதலாக வருவது கன்னடத்தில் மெல்லோசைப் பகர முதலாதல் பெருவழக்கு. வேர் என்பது அங்கே பேரு என்றாவது போல என்க.

தமிழில் மூங்கிலுக்குப் பெயர்கள் பல. வேய், கழை, அமை, வேரல், பணை, முந்தூழ் என்று சங்கப் புலவர் எடுத்தாளும் சொற்களுள் வெதிரும் ஒன்று. இன்று நம் பேச்சில் வெதிர் இல்லை; மூங்கில் ஒன்றே எல்லா இடத்தையும் கைக்கொண்டது. ஆகவே இக்குருவியின் தெலுங்குப் பெயரில், நாம் ஏட்டில் மட்டும் காணும் பழந்தமிழ்ச் சொல்லின் உடன்பிறப்பு, பறவை பிடிப்போர் வாயில் உயிரோடு இருந்தது. இதனை முதலிற் படித்தபோது இக்கட்டுரையாளர் அடைந்த மகிழ்ச்சியே இவ்வாராய்ச்சிக்கு வித்து.

மூங்கிற்குருவி என்னும் தொகையை எவ்வாறு விரிப்பது? மூங்கிலின்கண் வாழும் குருவி என ஏழாம் வேற்றுமையாக விரிக்கலாம். மூங்கிலை உண்ணும் குருவி என இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்கதாகவும் விரிக்கலாம். முன்னதைக் கொண்டால் பெயர் உறையுளைச் சுட்டும். பின்னதைக் கொண்டால் உணவைச் சுட்டும். பின்னதில் மூங்கில் என்பது அதன் நெல்லுக்கு ஆகிவந்த முதலாகுபெயர் ஆதலும் காண்க. இலக்கணத்தால் மட்டும் இதற்கு விடை காண இயலாது. பறவையின் பழக்கம் தெரிந்தால்தான் தொகை விரியும். இங்கு ஜெர்டன் சான்று தருகிறார். தென்கோடிப் பகுதிகளில் தாம் இதனைப் பெரும்பாலும் மூங்கிற்காட்டிலேயே கண்டதாகவும், மூங்கில் நெல்லை அது தின்றதைப் பலகாற் பார்த்ததாகவும், அப்பழக்கமே தெலுங்குப் பெயருக்குக் காரணம் எனவும் அவர் எழுதுகிறார். தடித்துக் குவிந்த அலகால் உமியை நீக்கிப் பருப்பை உண்ணும் இக்குருவிக்கு மூங்கில் நெல் ஏற்ற உணவு. ஆகவே உணவுப்பொருளே கொள்ளத்தக்கது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம், எழுப்புதலே முறை. மூங்கில் ஆண்டுதோறும் நெல் விளைப்பதன்று. முள்மூங்கில் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, நெல் உதிர்த்து, புதரோடு பட்டுப்போகும். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ காணும் நிகழ்ச்சியைக் கொண்டு, ஆண்டுதோறும் வரும் குருவிக்குப் பெயரிடுவாரா? மற்ற ஆண்டுகளில் அக்குருவி சோளக் கதிரையும் களைவித்துகளையும் மொட்டுகளையும் உண்ணிச்செடியின் பழங்களையும் தின்று வாழ்கிறதே. சோளக்குருவி எனல் ஆகாதோ?

தடைக்கு விடை இரண்டு வகையாற் கூறலாம். தெலுங்கு நாட்டு வறண்ட குன்றுகளில் மிக்கிருப்பது கல்மூங்கில். அஃது ஒருசேரப் பூப்பதும் உண்டு. அவ்வப்போது அங்கொரு புதர் இங்கொரு புதராகப் பூப்பதும் உண்டு. ஆதலின் ஏதேனும் ஒரு சரிவில் மூங்கில் நெல் கிடைத்தல் அரிதன்று. இது பயிர்நூல் தரும் விடை. மற்றொன்று பெயரிடுவோர் மனத்தைப் பற்றியது. சோளத்தை உண்ணும் குருவிகள் எண்ணிறந்தன. சோளக்குருவி என்றால் எதுவும் பிரிந்து தோன்றாது. பெயரின் பணி பிரித்துக் காட்டுவது. மூங்கில் விளைந்த ஆண்டில், மக்கள் கூடையோடு நெல் பொறுக்கப் போகும் அதே காட்டில், செந்தலை சிலவும் பழுப்புத்தலை பலவுமாகக் கூட்டம் கூட்டமாய் இறங்கி உண்ணும் குருவியை எவரும் மறவார். இந்த இரண்டாம் விடையே வலியுடையது என்பது என் கருத்து. அடிக்கடி நிகழ்வதைக் காட்டிலும், நிகழும்போது தவறாது உடன்வருவதே பெயருக்குக் காரணமாகிறது.

உணவாற் பெயரிட்டதன் பயனை நோக்குக. சேவல் என்றும் பேடு என்றும் இளையது என்றும் இப்பெயர் வேறுபாடு பாராட்டவில்லை. குரல் கேட்க வேண்டும் என்னும் நிபந்தனையும் இல்லை. குளிர்காலத்தில், பெரும்பகுதி மங்கல் நிறமும் ஊமைத்தன்மையும் உடையதாய் வந்து தங்கும் பறவையை அடையாளம் காண்பதற்கு அதன் தொழிலைவிடச் சிறந்த குறி இல்லை. உருசியர் வேனிலிற் கண்டார், குரலைப் பற்றினர். நூலார் காட்சிச்சாலையில் பஞ்சடைத்த சேவலைக் கண்டார், நிறத்தைப் பற்றினர். வட இந்திய நகரத்தார் கூண்டிற் கண்டார், கிளியின் பெயரை ஈந்தனர். தெலுங்கு வேட்டுவர் காட்டிற் கண்டார், இரையைப் பற்றினர். ஒரு பறவையின் ஆண்டு வாழ்வில் எப்பகுதியை எந்த மக்கள் கண்டனர் என்பதே பெயரிற் பதிந்துகிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நீலகிரியிலும் பழனிமலையிலும் ஆனைமலையிலும் இக்குருவி வந்து தங்கும் காலம், தொல்காப்பியர் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூறிய கூதிரும் முன்பனியும் உள்ளிட்டது. மூங்கில் நெல் குறிஞ்சி மக்களின் உணவு. பாரியின் பறம்பு மலையில் உழவரின்றி விளையும் நான்கு பொருள்களுள் மூங்கில் நெல்லை முதலில் வைக்கிறார் கபிலர் (புறநானூறு 109). அங்கே அவர் ஆளும் சொல்லும் வெதிர் என்பதே. நச்சினார்க்கினியரும் குறிஞ்சிக்கு உணவு கூறுமிடத்து ஐவன நெல்லோடும் தினையோடும் மூங்கிலரிசியைச் சேர்க்கிறார். புள் கூறுமிடத்தோ கிளியும் மயிலும் என அமைகிறார். உணவு வரிசையில் மூங்கிலரிசி இருக்க, அதனை உண்ணும் குருவி புள் வரிசையில் இல்லை.

இங்கு ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பேராசை தோன்றும். சங்கப் பாட்டில் வரும் ஏதேனும் ஒரு சிறு குருவியை எடுத்து, இதுவே அது என்று நாட்டிவிடலாம் என்னும் ஆசை. அதனை அடக்குதல் நன்று. காலம் ஒத்தது, இடம் ஒத்தது, உணவு ஒத்தது என்பதால் மட்டும் சொல் ஒத்ததாகாது. பாட்டில் அப்பழக்கம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். கருப்பொருள் வரிசையும் காட்டிலுள்ளன யாவற்றையும் எண்ணிக் கணக்கெடுத்த பட்டியல் அன்று. பாட்டிற்குப் பயன்பட்டனவற்றின் தொகுதி. கிளி தினைப்புனத்திற்கு வருவதால் தலைவி புனங்காக்கச் செல்கிறாள்; தலைவி செல்வதால் தலைவன் வருகிறான். மூங்கில் நெல்லோ காவலற்ற விளைவு. அதனைத் தின்னும் குருவியை ஓட்டுவார் இல்லை. ஓட்டுவார் இல்லாத குருவிக்கு அகப்பாட்டில் வேலையும் இல்லை. பாட்டில் இல்லாமை நாட்டில் இல்லாமைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பி. எல். சாமி சங்க நூற் புள்ளினங்களைப் பறவைநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார், க. ரத்னம் மக்கள் வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் வகுத்த வழியில் இன்னும் செல்லவேண்டிய தொலைவு மிகுதி. உருவத்தை வைத்து ஒப்பிடுதல் எளிது. ஆதலால் அதனையே பலரும் செய்கின்றனர். பாட்டிலும் உரையிலும் பறவை எதை உண்கிறது, எப்பொழுதில் வருகிறது, எம்மரத்தில் அமர்கிறது என்று கூறும் அடைகளைத் தொகுத்து, முதலில் அவற்றை வைத்துத் தேடி, நிறத்தை இறுதியில் வைத்தால், 'ஒருவகைப் பறவை' எனக் கிடக்கும் சொற்களிற் சிலவேனும் உயிர்பெறும். நிறத்தை முதலில் வைப்பாரை இக்குருவியின் பழுப்புச் சேவல் ஒன்றே மடக்கிவிடும்.

பள்ளி நூல்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் இப்பறவைக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் ரோசாக்குருவி என்றாகும். கேட்க இனியதே, ஆயினும் மலையேறிச் செல்லும் மாணவன் அப்பெயரை நம்பிச் சிவப்பைத் தேடுவான், கண்முன் நூறு பழுப்புக் குருவிகள் இருக்கக் காணாமல் திரும்புவான். மூங்கிற்குருவி என்பது பொருத்தமே. ஆயின் மூங்கிற் புதரிற் காணும் பிற சிறு பறவைகளுக்கும் அது செல்லக்கூடும். தெலுங்கில் உயிரோடிருந்ததும் தமிழில் ஏட்டிலிருப்பதுமான சொல்லை மீட்டு, வெதிர்க்குருவி என வழங்குவதே தக்கது என்பது என் துணிபு. புதிய சொல்லை நாட்டுகிறோம் என்னும் குற்றமும் இதில் இல்லை. ஓரினச் சொல்லை அதன் வீட்டிற்கு அழைக்கிறோம். அகராதியில் அதன் பொருள்விளக்கம் பின்வருமாறு அமையலாம்:

வெதிர்க்குருவி: பெயர்ச்சொல். கூதிர் தொடங்கி இளவேனில் வரை தென்னாட்டு மலைகளில் கூட்டமாய்த் தங்கி, மூங்கில் நெல், பிற வித்துகள், மொட்டு, சிறுகனி ஆகியவற்றை உண்ணும் சிறு குருவி. தடித்த அலகும் நுனி பிளந்த வாலும் உடையது. பேடும் இளஞ்சேவலும் கோடுபட்ட மார்பும் பழுப்பு நிறமும் உடையன. முதிர்ந்த சேவல் தலையும் மார்பும் சிவந்திருக்கும்.